நம்ம வீடு குழு: மித்ரனுக்குக் கூட்டல்

கவிதா: பெரியம்மா இருக்கிறீர்களா? மித்ரனுக்கு 10க்குள் கூட்டல் ஆரம்பித்துவிட்டார்கள். நோட்டைத் திறந்தாலே அழுகை. திங்கட்கிழமை மிஸ் கேட்பார்களாம்.

அப்பா: தினமும் காலையில் வாய்ப்பாடு சொல்ல வை. பத்து முறை.

முரளி அண்ணா: அப்பா, வேண்டாம். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். கணக்கு என்றாலே வயிற்றுவலி வரும் எனக்கு.

அப்பா: இன்ஜினியர் ஆனாய் இல்லையா?

ராஜி சித்தி: ஆரம்பித்துவிட்டார்கள் இரண்டு பேரும்

சுமதி பெரியம்மா: கவிதா, நோட்டை மூடி வை. வீட்டில் பகடை இருக்கிறதா?

கவிதா: ஒரு டைஸ் இருக்கிறது

சுமதி பெரியம்மா: இப்போதைக்கு ஒன்று போதும். உருட்டிப் போட்டு, எண்ணாமல் பார்த்தவுடனே எத்தனை என்று சொல்கிறானா பார். ஐந்து என்றால் நான்கு மூலையிலும் ஒவ்வொரு புள்ளி, நடுவில் ஒன்று. அந்த உருவம் மனதில் பதிந்தால்தான் கூட்டல் லேசாகும். 3+2 என்று எழுதினால் அவனுக்கு அது வெறும் கோடுதான், பகடையில் அதே மூன்று கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, தொடலாம். அது வந்த பிறகுதான் இரண்டாவது பகடை.

ராஜி சித்தி: ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?

முரளி அண்ணா: சாயங்காலம்

அப்பா: காலையிலேயே வா

கவிதா: பெரியம்மா, இப்போது போட்டுப் பார்த்தோம். 1, 2, 3 பார்த்தவுடன் சொல்கிறான். 6 வந்தால் விரல் வைத்து எண்ணுகிறான்.

சுமதி பெரியம்மா: எண்ணட்டும், தடுக்காதே. ஆறில் மூன்று மூன்றாக இரண்டு வரிசை இருப்பதை மட்டும் காட்டு. இரண்டு பகடை போடும்போதும் முதலில் எல்லாப் புள்ளியையும் ஒன்றிலிருந்துதான் எண்ணுவான், அதுதான் இயல்பு. கொஞ்ச நாள் கழித்து, 5ம் 3ம் விழுந்தால் பெரிய எண் இருக்கும் பகடையை உள்ளங்கையால் மூடச் சொல். "உள்ளே எத்தனை?" "ஐந்து." அப்புறம் அடுத்த பகடையின் புள்ளிகளைத் தொட்டு ஆறு, ஏழு, எட்டு. இங்கே நிறையப் பிள்ளைகள் ஒரே இடத்தில் தடுமாறும். முதல் புள்ளியைத் தொட்டு மறுபடி "ஐந்து" என்று ஆரம்பித்து ஏழில் நிற்கும். அதனால் "ஐந்து" என்று சொல்லும்போது மூடிய கையைத் தட்டச் சொல், புள்ளியைத் தொடும்போது ஆறு.

முரளி அண்ணா: ஆப்பில் டைஸ் இருக்கிறதே, அதில் ஆடக் கூடாதா?

சுமதி பெரியம்மா: அதில் எப்படியடா கையால் மூடுவது, தொட்டு எண்ணுவது? நிஜப் பகடைதான் வேண்டும்.

ராஜி சித்தி: பழைய விளையாட்டுப் பெட்டியில் நாலைந்து இருந்ததே. முரளி வீட்டில்தானே பெட்டி?

முரளி அண்ணா: நீங்கள் வீடு மாறும்போது எடுத்துப் போனீர்கள் சித்தி

ராஜி சித்தி: நானா!

அப்பா: அது நான் வாங்கிய பெட்டி

கவிதா: பெட்டியை விடுங்கள். பெரியம்மா, இரண்டு டைஸ் என்றால் 12 வரை போகுமே? அவனுக்கு விரல் பத்துதானே.

சுமதி பெரியம்மா: நல்ல கேள்வி. பகடையின் ஆறு பக்கத்திலும் ஸ்டிக்கர் ஒட்டி 1, 2, 3 மட்டும் இரண்டிரண்டு முறை வருகிற மாதிரி புள்ளி வை. கூட்டினால் 6ஐத் தாண்டாது. அது பழகியதும் ஒரு பகடையில் எண்ணாகவே எழுது, மற்றதில் புள்ளி. எண்ணை எண்ண முடியாது இல்லையா, அதனால் தானாகவே அங்கிருந்து மேலே எண்ணப் பழகுவான். ஆட்டம் முடிந்த பிறகு, அவன் போட்டதையே 2+3=5 என்று எழுதிக் காட்டு. முதலில் எழுத்து வேண்டாம். வேகமும் பார்க்காதே, யார் முன்னால் சொல்கிறார்கள் என்ற போட்டியே கூடாது, அங்கேதான் பயம் பிடிக்கிறது.

கவிதா: பாப்பாவும் பக்கத்தில் வந்து உட்காருகிறாள்

சுமதி பெரியம்மா: அவளுக்கு இரண்டு வயது, சின்னப் பகடையை வாயில் போட்டுக்கொள்வாள், தொண்டையில் சிக்கும். பெரிய ஸ்பாஞ்ச் பகடை கொடு.

முரளி அண்ணா: ஞாயிறு நான் ஒரு ஆட்டம் சொல்லித் தருகிறேன். 2 முதல் 12 வரை எழுதி ஆளுக்கொரு எண் எடுக்க வேண்டும், இரண்டு சாதாரண டைஸின் கூட்டுத்தொகையில் யார் எண் அதிகம் வருகிறதோ அவருக்கு வெற்றி. 7ஐ எடுத்தவர்தான் பெரும்பாலும் ஜெயிப்பார். 36 வழியில் 6 வழி 7க்கு, 2க்கும் 12க்கும் ஒவ்வொன்றுதான்.

அப்பா: எனக்கு 12

முரளி அண்ணா: அப்பா, இப்போதுதானே சொன்னேன்

அப்பா: 12தான் பெரிது

சுமதி பெரியம்மா: முரளி, அந்த ஆட்டம் மித்ரனுக்கு இப்போது வேண்டாம், 12 வரை கூட்ட வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் ஆடுங்கள், அவன் உருட்டட்டும்.

கவிதா: அவன் டைஸை விட மாட்டேன் என்கிறான். அழுகை நின்றுவிட்டது. ஆனால் திங்கட்கிழமைக்குள் வந்துவிடுமா?

சுமதி பெரியம்மா: திங்கட்கிழமைக்குள் வராது. மிஸ்ஸிடம் நான் பேசட்டுமா?

கவிதா: வேண்டாம் பெரியம்மா, நானே சொல்கிறேன். பார்க்கலாம்.

ராஜி சித்தி: அப்போ ஸ்பாஞ்ச் பகடை யார் வாங்குவது?

முரளி அண்ணா: பெட்டி வைத்திருப்பவர்கள்

ராஜி சித்தி: என்னிடம் இல்லை என்றேனே

அப்பா: காலை பத்து மணி. எல்லோரும்.