புதுச்சேரித் தமிழர் சிலருக்குப் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வந்தது எப்படி?

கேள்வி:
புதுச்சேரி, காரைக்கால் பகுதிப் பழைய பதிவேடுகளில், இயற்பெயர் தமிழாகவும் குடும்பப் பெயர் பிரெஞ்சாகவும் உள்ளவர்கள் பலரைக் காண்கிறேன். ஐரோப்பியரோடு மணவுறவு கொண்ட வழியினர் என்று சிலரும், மதம் மாறியபோது சூட்டிய பெயர் என்று சிலரும் கூறுகிறார்கள். எது சரி?

பதில் 1:
பெரும்பாலோரைப் பொறுத்தவரை இரண்டுமே சரியல்ல. 1881 செப்டம்பர் 21 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை, இந்துவோ கிறித்தவரோ முஸ்லிமோ, யாராயினும் தம் சாதி, சமய வழக்கப்படி அமைந்த தனிநபர் சட்டத்தைத் துறந்து, திருமணம், சொத்துரிமை முதலியவற்றில் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழிவகுத்தது. நம் வழக்கில் தந்தை பெயரே முன்னெழுத்தாகித் தலைமுறைதோறும் மாறும். பிரெஞ்சுப் பதிவேட்டுக்கோ மாறாத குடும்பப் பெயர் தேவைப்பட்டது. எனவே துறப்பவர் ஒரு பெயரைத் தேர்ந்து பதிய வேண்டியிருந்தது. அவ்வாறு பதிந்தவர்களே 'ரெனோன்சான்', அதாவது துறந்தவர். துறந்தது சட்டத்தைத்தான், மதத்தை அன்று. ஆனால் ஒருமுறை துறந்தால் மீள முடியாது.

பதில் 2:
இதில் பொன்னுத்தம்பிப் பிள்ளையைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. வழக்கறிஞரான அவர் 1873-இல் ஐரோப்பிய முறைக் காலணியோடு நீதிமன்றத்துக்கு வந்ததற்காகத் தடுக்கப்பட்டார். பாரிஸின் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றார். பின்னர் துறப்பு இயக்கத்தை முன்னின்று நடத்திய அவர் தமக்குத் தேர்ந்துகொண்ட பெயர் 'லா போர்த்'. கதவு என்று பொருள். அடைத்து வைத்த வாசலைத் திறக்க முயன்றவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

பதில் 3:
முந்தைய பதில் சற்றே பெருமிதத்தோடு நின்றுவிடுகிறது. தாழ்த்தப்பட்ட சாதியினரும் கிறித்தவரும் சமத்துவத்தை நம்பியே பெருமளவில் துறந்தார்கள். ஆனால் 1884-இல் வாக்காளர்கள் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டபோது, ஐரோப்பியர் முதல் பட்டியலிலும், துறந்தவர்கள் தனியே இரண்டாவதிலும், துறக்காதவர்கள் மூன்றாவதிலும் வைக்கப்பட்டார்கள். துறப்பை எதிர்த்த உயர்சாதி இந்துக்களின் தலைவர் சண்முக முதலியார் உள்ளூர் அரசியலில் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தார். உள்ளூரில் கிட்டாத மதிப்பைத் தேடிப் பலர் அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்தோசீனாவில் (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) அரசுப் பணிக்கும் படைக்கும் சென்றார்கள். ஊரார் வாயில் 'சொல்தா' என்று வழங்கும் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் சிலவற்றின் வரலாறு இங்கிருந்தே தொடங்குகிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் இன்று பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருக்கும் புதுச்சேரியினர் அனைவரும் துறந்தவர்களின் வழியினர்தாமா?

பதில் 1:
இல்லை ஐயா, அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இடம் இது. நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்றே இந்தியாவிடம் வந்துவிட்டாலும், 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அன்று தொடங்கி ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். துறக்காத குடும்பத்தினரும் அவ்வாறு தேர்ந்தார்கள். மறுபுறம், இந்தியக் குடிமக்களாகிவிட்ட ரெனோன்சான்களும் உண்டு. அவர்களுக்காகவே இந்து திருமணச் சட்டத்தின் 2-ஆம் பிரிவில் 2-ஏ என்ற உட்பிரிவு புதுச்சேரிக்கெனச் சேர்க்கப்பட்டது. அந்தச் சட்டம் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று அவ்வுட்பிரிவு கூறுகிறது. ஆகவே பழைய குடும்பங்களின் பாகப்பிரிவினையைப் படிக்கும்போது, முன்னோர் துறப்புப் பதிவேட்டில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.