தொடக்கப்பள்ளி நூலகத்தில் இணையக் கருவிகள்: எது எடுபடுகிறது, எங்கே இடறுகிறது?

அலமாரி_ஐந்து:
40 நிமிட நூலகப் பாடவேளை. ஒரு மடிக்கணினி, ஒரு புரொஜெக்டர், நாலைந்து டேப்லெட். 1 முதல் 5 வரை வகுப்புகள். இதற்குள் இணையக் கருவிகளை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று பகிருங்கள். கருவியின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். எத்தனை நிமிடம் ஆகும், எந்த இடத்தில் சொதப்பும், ஏன் என்பதையும் சேர்த்து எழுதினால் எல்லோருக்கும் உதவும்.

புத்தகப்புழு:
குழந்தைகள் கையில் சாதனம் இல்லையென்றால் பிளிக்கர்ஸ் என்ற வினாடிவினாச் செயலிதான். ஆசிரியரின் கைப்பேசி ஒன்று, கேள்வியைக் காட்டப் பெரிய திரை, குழந்தைக்கு ஒரு காகித அட்டை, அவ்வளவே தேவை. அட்டையில் ஒரு கருப்பு வடிவம் இருக்கும். அதன் நான்கு பக்கங்களில் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். விடை எதுவோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்க வேண்டும். கைப்பேசிக் கேமராவை வகுப்பின் மீது மெதுவாக ஒருமுறை ஓட்டினால் யார் எந்த விடை சொன்னார்கள் என்பது பதிவாகிவிடும். சாதாரணத் தொகுப்பில் 40 அட்டை, பெரியதில் 63. கோப்பாக இறக்கி நாமே அச்சிட்டுக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை: அட்டையை லேமினேட் செய்தால் ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், கேமரா படிக்காது. பளபளப்பில்லாத கெட்டித் தாளே நல்லது. மை மங்கி வடிவம் சாம்பல் நிறமாக வந்தாலும் இதே கதிதான். குழந்தைகளின் விரல் வடிவத்தின் மேல் படும். ஓரத்தை மட்டும் பிடிக்கச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

1, 2ஆம் வகுப்புக்கு அந்தப் பொடி எழுத்து ஆகாது. அட்டையின் பின்பக்கம், நான்கு ஓரத்தின் நடுவிலும் நான்கு நிறப் பொட்டு ஒட்டி, திரையிலும் விடைகளுக்கு அதே நிறங்களைக் கொடுங்கள். 'உன் நிறம் உச்சியில் இருக்கணும்' என்றால் போதும், புரிந்துகொள்வார்கள். ஒட்டும்போது மட்டும் நிதானம் தேவை. முன்பக்கத்தின் வலது ஓரம் பின்பக்கம் பார்க்கையில் இடது ஓரமாகிவிடும். அட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒவ்வொரு எழுத்துக்கும் நேர் பின்னால் ஒட்ட வேண்டும். தவறினால் சரியாகச் சொன்ன குழந்தைக்கும் தவறு என்று விழும்.

கேள்வி ஐந்துக்கு மேல் வேண்டாம். நாலு அட்டைப்படங்களைக் காட்டி, ஒரு புத்தகத்தின் முதல் வரியைப் படித்து, 'இது எதில் வரும்?' என்று கேட்கலாம். விடையை உடனே காட்டாமல் அந்த நாலு புத்தகங்களையும் மேசையில் பரப்பி அவர்களையே பார்க்கவிடுங்கள். பத்து நிமிடத்தில் திரையை அணைத்துவிடலாம்.

வரி_வடிவம்:
கஹூட் என்ற வினாடிவினாப் போட்டித் தளம் பற்றியும் சொல்ல வேண்டும், எல்லோரும் முதலில் ஓடுவது அதற்குத்தான். வகுப்பு கலகலப்பாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் சரியான விடையை யார் வேகமாக அழுத்துகிறாரோ அவருக்கு அதிகப் புள்ளி. வாசிப்பில் மெதுவாக இருக்கும் குழந்தை ஒவ்வொரு சுற்றிலும் கீழே போய்க்கொண்டிருக்கும். வாசிப்பை வளர்க்க வேண்டிய அறையில் இது எனக்கு ஒப்பவில்லை. நடத்தியே ஆக வேண்டுமென்றால்: குழு முறையில் ஒரு டேப்லெட்டுக்கு நான்கு பேர், நேரத்தை 20 விநாடியிலிருந்து 60 அல்லது 90 ஆக உயர்த்துங்கள், முதல் சில கேள்விகளுக்குப் 'புள்ளி இல்லை' என்று வையுங்கள், கேள்வியைச் சத்தமாக வாசித்த பிறகே திறங்கள். குழுப் பெயரை நீங்களே கொடுத்துவிடுங்கள், இல்லையேல் அதற்கே ஐந்து நிமிடம் போய்விடும். அவரவர் வேகத்தில் போகக் குவிஸிஸ் பொருந்தும். 2025இல் அதன் பெயரை வேகிரவுண்ட் என்று மாற்றிவிட்டார்கள். பழைய பெயரில் தேடித் திண்டாட வேண்டாம்.

பக்க_எண்:
டேப்லெட் நாலைந்து இருந்தால் அலமாரி வேட்டை நடத்தலாம்: அலமாரியில் தேடி விடையை இட்டால்தான் அடுத்த கேள்வி திறக்கும், அப்படி ஒவ்வொரு கேள்வியும் ஒரு 'பூட்டு'. கூகுள் படிவமே போதும், வேறு எதுவும் தேவையில்லை.

ஒவ்வொரு பூட்டையும் தனித்தனிப் பிரிவாக வையுங்கள். கேள்வி வகை 'குறுகிய பதில்'. கேள்வியின் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, பதில் சரிபார்ப்பைத் திறந்து, 'எண்', 'சமம்' என்று தேர்ந்து விடையை இடுங்கள். தவறான விடைக்கு வரும் செய்தியைக் குறிப்பாகப் பயன்படுத்தலாம்: 'முதுகில் ஒட்டிய எண்ணைப் பார்த்தாயா?' கட்டாயக் கேள்வி என்ற பொத்தானை மறக்காமல் இயக்குங்கள். அது இல்லாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த பூட்டுக்குத் தாவிவிடலாம். ஒரு குழு கண்டுபிடித்தால் போதும், ரகசியம் அறை முழுக்கப் பரவிவிடும்.

விடை எண்ணாகவே இருக்கட்டும். தமிழ்ச் சொல்லைக் கேட்டால் ஒரு புள்ளி விட்டுப்போனாலும், கடைசியில் ஓர் இடைவெளி விழுந்தாலும் பூட்டு திறக்காது. குழந்தை தன் விடையே தவறு என்று நினைத்துக்கொள்ளும். புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்க முதுகில் ஒட்டும் டியூயி பகுப்பு எண் இதற்கு அருமையாகப் பொருந்தும்: 'பறவைகள் எந்த எண்ணில் குடியிருக்கின்றன?' என்றால் 598. நாட்டார் கதைகளின் 398.2 போன்ற தசம எண்களைத் தவிர்த்துவிடுங்கள், புள்ளிக்குப் பதில் காற்புள்ளியைத் தட்டுவார்கள். பக்க எண்ணைக் கேட்டால் அலமாரியில் உள்ள எல்லாப் படிகளும் ஒரே பதிப்புதானா என்று முன்கூட்டியே சரிபாருங்கள்.

எல்லாக் குழுவுக்கும் ஒரே வரிசை கொடுத்தால் முதல் அலமாரி முன் இருபது பேர் முட்டி மோதுவார்கள். படிவத்தை நகலெடுத்து, குழுவுக்கு ஒரு பிரிவு வரிசையாக மாற்றிவிடுங்கள். புத்தகத்தை எடுத்த இடத்தில் செருக ஆளுக்கொரு நீள அட்டை கொடுங்கள். இல்லாவிட்டால் வேட்டை முடிந்தபின் அலமாரியைச் சரிசெய்ய அரை நாள் ஆகும். 30 பேருக்கு நாலு பூட்டு, 25 நிமிடம்.

கட்டமும்_சதுரமும்:
புத்தகத்தின் பின்னட்டையில் கியூஆர் சதுரம் ஒட்டுவதைப் பற்றி. அடுத்த வாசகருக்கு ஒரு குழந்தையின் 30 விநாடிக் குரல் அறிமுகம், இதுதான் இதற்குச் சிறந்த பயன். ஆனால் பாதி ஒட்டுகள் திறக்கமாட்டா. பெரும்பாலும் காரணம் முகவரியின் நீளம்.

தமிழ் எழுத்துள்ள இணைய முகவரியை நகலெடுத்தால் ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்தாக விரியும். 'நூலகம்' என்ற சொல்லில் நமக்குத் தெரிவது நான்கு எழுத்து. கணினிக்கு அது ஆறு குறி, ஏனென்றால் ஊகாரக் கொம்பும் மேற்புள்ளியும் தனித்தனி. ஆகவே முகவரியில் 54 எழுத்து. அவ்வளவையும் சுமக்கும் சதுரத்தில் கட்டங்கள் பொடிப்பொடியாகி, பழைய டேப்லெட் கேமராவால் படிக்க முடியாது. கோப்புக்கு ஆங்கில எழுத்தில் சின்னப் பெயர் வையுங்கள். சதுரம் 2 செ.மீ.க்குக் குறையாமல், சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை விட்டு அச்சிடுங்கள். பார்க்க அழகாக இல்லை என்று அந்த வெள்ளை ஓரத்தை நறுக்கிவிட வேண்டாம். சதுரம் கொஞ்சம் சேதமானாலும் படிக்க உதவும் பிழைதிருத்த நிலை நான்கு உண்டு. மிக உயர்ந்தது சுமார் 30 விழுக்காடு சேதத்தைத் தாங்கும், ஆனால் கட்டங்களைக் கூட்டிவிடும். 15 விழுக்காடு தாங்கும் நடு நிலை நூலகத்துக்குப் போதும்.

இலவச 'மாற்றத்தக்க' கியூஆர் தரும் தளங்களில் எச்சரிக்கை. அவை தங்கள் முகவரி வழியாகச் சுற்றிவிடுபவை. சோதனைக் காலம் முடிந்ததும் ஒட்டிய அத்தனையும் செத்துப்போகலாம். நேரடி முகவரியைக் கொண்ட நிலையான சதுரத்தையே உருவாக்குங்கள். குரல் பதிவை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சில இலவசக் குரல் தளங்கள் சில மாதங்களில் கோப்பை அழித்துவிடும், உங்கள் மேகக்கணிக் கோப்புறையில் வைத்தால் அந்தக் கவலை இல்லை. பகிர்வு அனுமதியை 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று மாற்றிவிட்டு, உள்நுழையாத வேறொரு கைப்பேசியில் சோதித்த பிறகே ஒட்டுங்கள். பதிவில் குழந்தையின் பெயர், வகுப்பு எதுவும் வர வேண்டாம்.

வரி_வடிவம்:
இந்தக் குறி எண்ணிக்கைக் கோளாறு சொல்தேடல், குறுக்கெழுத்து ஆக்கும் தளங்களிலும் உண்டு. 'கொக்கு' என்று கொடுத்தால் ஒரு கட்டத்தில் க, அடுத்ததில் வெறும் கொம்பும் காலும், நடுவே புள்ளிவட்டம். தமிழ் உயிர்மெய்யைப் பிரிக்காத தளம்தானா என்று முதலில் இந்த ஒரு சொல்லைக் கொடுத்தே பார்த்துவிடலாம். பிரித்தால், விரிதாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நாமே இடுவதுதான் வழி. பத்துக்குப் பத்துக் கட்டத்துக்கு இருபது நிமிடம் ஆகும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிவைத்த வினாக்களை அப்படியே ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாக வரும், ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.

அலமாரி_ஐந்து:
திரையில் சேர்ந்து வாசிக்க என்ன வைக்கிறீர்கள்? வீடியோ ஓட்டினால் இணையம் திக்குகிறது, நடுவில் விளம்பரம் வேறு.

புத்தகப்புழு:
ஸ்டோரிவீவர் என்ற குழந்தைக் கதைத் தளம். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கியது, தமிழிலும் ஏராளமான கதைகள் உண்டு. திறந்த உரிமத்தில் இருப்பதால் இறக்கலாம், அச்சிடலாம், ஆசிரியர், ஓவியர் பெயரைக் குறிப்பிட்டால் போதும். நான்கு வாசிப்பு நிலைகள் இருக்கின்றன. நிலை 1, 2 திரைக்கு நன்றாக வரும். நிலை 4இல் பக்கத்துக்குப் பக்கம் எழுத்து நிறைந்திருக்கும், பின்வரிசைக்குத் தெரியாது. முதல் நாளே கோப்பாக இறக்கி வைத்துவிட்டால் இணையமே வேண்டாம், விளம்பரமும் இல்லை. பக்கம் திருப்பும் முன் 'அடுத்து என்ன?' என்று நிறுத்துவது உங்கள் கையில். கடையில் வாங்கிய புத்தகத்தை வாசித்துப் பதிவேற்றுவது வேறு விஷயம், அதற்குப் பதிப்பாளரின் அனுமதி வேண்டும்.

பக்க_எண்:
குழந்தைகளின் கருத்துக்குப் பேட்லெட் (எல்லோரும் குறிப்பு ஒட்டும் இணையப் பலகை) சுவர் வைப்பவர்கள், அமைப்பில் 'ஒப்புதலுக்குப் பின் வெளியிடு' என்பதை முதலில் இயக்குங்கள். பெயருக்குப் பதில் நூலக அட்டை எண். 'புத்தகம் எப்படி?' என்று கேட்டால் முப்பது 'சூப்பர்' வரும். 'இதில் யாரிடம் ஒரு கேள்வி கேட்பாய், என்ன கேள்வி?' என்று கேட்டால் படித்தவர் யார் என்று தெரிந்துவிடும். தட்டத் தெரியாத சின்ன வகுப்புக்கு அதிலேயே குரல் பதிவும் உண்டு.

ஆண்டு முடிவில் சுவரைக் கோப்பாக இறக்கி வைத்துவிடுங்கள். இப்படிப்பட்ட கருவிகள் நின்றுபோகலாம்: குழந்தைகள் வீடியோவில் பதில் சொல்லும் ஃபிளிப் தனிச் செயலியாக 2024 நடுவில் நின்றது, கூகுளின் வெண்பலகையான ஜாம்போர்டு அதே ஆண்டின் கடைசி நாளோடு மூடப்பட்டது.