பொருள்: கேஷ் என்பதற்கு ‘அருகிருப்பு’

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

அடிக்கடி தேவைப்படும் தரவின் நகலைப் பக்கத்தில் எடுத்து வைக்கும் இடத்தைக் கணினியில் கேஷ் (cache) என்கிறோம். அதற்குத் தமிழில் பதுக்ககம், இடைமாற்று, தற்காலிகச் சேமிப்பு, கையிருப்பு என நான்கு சொற்கள் இந்த இழையில் வந்துள்ளன. நான்கையும் எழுதிப் பார்த்தபின் ஐந்தாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்.

கணினியின் மூளையான செயலி (processor) முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு தரவை வரவழைக்க ஏறத்தாழ 100 நானோநொடி ஆகிறது. அதே தரவு செயலியோடு ஒரே சில்லில் அமைந்த முதல்நிலைக் கேஷில் இருந்தால் 1 நானோநொடி அளவில் கைக்கு வந்துவிடும். ஆனால் அங்கே உள்ள இடம் சில பத்துக் கிலோபைட்தான் என்பதால், அடிக்கடி தேவைப்படுவனவற்றின் நகல் மட்டுமே அங்கு வைக்கப்படுகிறது. உலாவியும், ஒருமுறை இறக்கிய படங்களின் நகலை நம் வட்டிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த முறை வலைத்தளம்வரை போகாமல் எடுத்துக் காட்டுகிறது. மூலம் தொலைவில் இருக்க, நகல் பக்கத்தில் இருப்பதே இரண்டுக்கும் பொது.

பதுக்ககம் என்பது கேஷ் என்ற சொல்லின் ‘மறைத்தல்’ என்னும் பிரெஞ்சு வேர்ப்பொருளைப் பின்பற்றியது. பிரிட்டிஷ் கணினி அறிஞர் மாரிஸ் வில்க்ஸ் 1965இல் இந்த அமைப்பை ‘அடிமை நினைவகம்’ என்ற பொருள்படவே அழைத்தார். 1968இல் ஐபிஎம் தன் சிஸ்டம்/360 மாடல் 85 கணினியைப் பற்றி எழுதியபோதுதான் கேஷ் என்ற பெயர் வழக்கில் ஏறியது. ஆங்கிலத்திலேயே பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட ஓர் உருவகத்தை நாம் சுமக்கத் தேவையில்லை. அதிலும், பதுக்கல் என்றதும் அரிசி மூட்டைகளும் பறிமுதலும் நினைவுக்கு வரும் மொழி நம்முடையது.

இடைமாற்று என்ற சொல் பஃபரோடு குழப்பும். பஃபரில் தரவு கடந்து போகும் வழியில் சற்றே தங்குகிறது. கேஷில் மீண்டும் மீண்டும் எடுப்பதற்காகவே வைக்கப்படுகிறது.

தற்காலிகச் சேமிப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சென்ற மாதம் என் பெரியம்மாவின் கைபேசியில் இடம் நிறைந்துவிட்டது. அமைப்புகளைத் திறந்து ‘தற்காலிகச் சேமிப்பை அழி’ என்ற பொத்தானைக் காட்டினேன். “சேமிச்சதை அழிச்சா பேரன் படமெல்லாம் போயிடுமேப்பா” என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அடுப்பருகே இருந்த அஞ்சறைப்பெட்டியைக் காட்டி, இதில் உள்ள கடுகைக் கொட்டிவிட்டாலும் பரணில் உள்ள டப்பாவில் கடுகு இருக்குமல்லவா, அதைப் போலத்தான் என்றேன். “அப்படின்னா இது பக்கத்துல எடுத்து வச்சிருக்கறது, அவ்வளவுதானே” என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அவரே அழுத்தினார். ‘சேமிப்பு’ அவரை அச்சுறுத்தியது. ‘தற்காலிகம்’ அவருக்கு எதையும் விளக்கவில்லை. முதன்மை நினைவகமும் மின்சாரம் போனால் அழிந்துவிடும் தற்காலிக இடம்தான். உலாவியின் கேஷோ கணினியை அணைத்து எழுப்பிய பின்னும் அப்படியே இருக்கும். ஆகவே அந்த அடைமொழி வேறுபடுத்திக் காட்டவும் உதவவில்லை.

கையிருப்பு என்ற பரிந்துரை என்னை மிகவும் கவர்ந்தது. ‘கையிருப்பில் இல்லை’ என்று கடைக்காரர் சொல்வது, கேஷில் தேடியது கிடைக்காத நிலைக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் அது கணக்குப் புத்தகத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் சொல்லும்கூட. பணம் அனுப்பும் கைபேசி ஆப் ஒன்றில் ‘கையிருப்பை நீக்கு’ என்ற பொத்தான் இருந்தால் யார் அதைத் தொடுவார்கள்? கேஷ் என்று ஒலிபெயர்த்தாலும் இதே சிக்கல்தான். தமிழ் எழுத்தில் பணமும் இதுவும் ஒன்றாகவே நிற்கின்றன.

எனவே ‘அருகிருப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை. இருப்பு என்ற சொல் கடைமொழியின் எளிமையைக் காக்கிறது. அருகு என்பது பெரியம்மா சொன்ன ‘பக்கத்துல’தான். முதல்நிலை அருகிருப்பு, உலாவி அருகிருப்பு, அருகிருப்பில் வைத்தல், பழைய அருகிருப்பு எனத் தொடர்களும் தடையின்றி அமைகின்றன. ‘அருகுதல்’ குறைதலையும் குறிக்குமே என்று கேட்கலாம். ‘அருகி வருகிறது’ என்னும்போதுதான் அப்பொருள் தோன்றுமே தவிர, பெயர்ச்சொல்லின் முன் வரும்போது அண்மையே முந்தி நிற்கிறது.

பொத்தானில் ‘அருகிருப்பை நீக்கு’ என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் ‘உங்கள் படங்களும் கோப்புகளும் அழியா’ என்றும் எழுதலாம். இடைமுக மொழிபெயர்ப்பில் பழகிய நண்பர்கள், சிறிய திரையில் இந்த நீளம் அடங்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.