ராப்டர் 700ஆர்: கல்லில் பின்பக்கம் உதைக்கிறது, மணலில் சூடாகிறது. காசை முதலில் எதில் போடுவது?

ஷார்ஜா குவாட்:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2016 மாடல் யமஹா ராப்டர் 700ஆர், நாலு சக்கர குவாட் பைக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இதுவரை பதாயர் மணல்மேடுகளில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன், அங்கே பெரிய குறை எதுவும் தெரியவில்லை. இந்தக் குளிர்காலத்தில் எங்கள் குழு ஹஜர் மலைப் பக்கம், ராஸ் அல் கைமா வாதிகளுக்குள், அதாவது மலைக்கு நடுவிலான வறண்ட ஆற்றுப்படுகைகளுக்குள் போக ஆரம்பித்திருக்கிறது. உருண்டைக் கல், வெள்ளம் அரித்த பள்ளம், நடுவில் புதைமணல், மறுபடியும் கல். அங்கே இறங்கியதும் வண்டி ஒரு மாதிரி நடந்துகொள்கிறது.

இரண்டாம், மூன்றாம் கியரில் கல்மேல் போனால் பின்பக்கம் தூக்கி அடிக்கிறது, சீட்டில் உட்காரவே முடியவில்லை. முன்சக்கரம் ஒரு கல்லில் பட்டால் ஹேண்டில்பார் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது, மணிக்கட்டு இரண்டு நாளாவது வலிக்கிறது. புதைமணலில் மெதுவாக ஏறும்போது டெம்பரேச்சர் விளக்கு எரிகிறது. போன ஓனர் சைலன்சர் மாற்றியிருக்கிறார், த்ராட்டிலை விட்டதும் பட் பட் என்று வெடிக்கிறது, பாதி த்ராட்டிலில் ஒரு தயக்கம் வேறு.

இங்கே ஒரு கடையில் கேட்டால் பிக் போர் கிட் (சிலிண்டரையும் பிஸ்டனையும் பெரிதாக்குவது), கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), முழு எக்ஸாஸ்ட் எல்லாம் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். கையில் இருப்பது ஐயாயிரம் திர்ஹம். என் எடை 92 கிலோ, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டால் நூறைத் தாண்டும். எதிலிருந்து ஆரம்பிப்பது?

வாதிவழி:
தம்பி, அந்தக் கடைப் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். 686 சிசி ஒற்றை சிலிண்டர், கல்லில் ஓட்ட இதற்குமேல் பவர் யாருக்கும் தேவையில்லை. நீங்கள் சொன்ன எந்தத் தொல்லையும் பவர் குறைவால் வருவதில்லை. இன்ஜினைப் பெரிதாக்கினால் சூடு இன்னும் கூடும், பின்பக்கம் இன்னும் வேகமாக உதைக்கும்.

முதலில் ஒன்றும் வாங்காமல் சில அளவுகள் எடுங்கள். ஒரு டேப்பும் ஜாக்கியும் உதவிக்கு ஒரு ஆளும் போதும். பின்சக்கரம் இரண்டும் தரையில் படாமல் தொங்கும்படி தூக்கி, ஆக்சில் மையத்திலிருந்து அதற்கு நேர்மேலே பின்கம்பியில் ஒரு புள்ளி வரைக்கும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இறக்கி, ஹெல்மெட், பூட்ஸ், தண்ணீர்ப் பை உட்பட எல்லாம் மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்து, நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம்தான் சாக் (sag), அதாவது எடை ஏறியதும் வண்டி இறங்கும் அளவு. ராப்டர் பின்பக்க டிராவல், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்த தூரம் 256 மி.மீ., அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 80 முதல் 90 மி.மீ. வரை இருந்தால் நல்லது. ஆள் ஏறாமல் வண்டி தன் எடையில் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் தனியாக அளங்கள், இது எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.

முன் ஷாக் அப்சார்பர் தண்டுகளில் ஒரு கேபிள் டை இறுக்கிக் கட்டி, ஷாக் உடலோடு ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு ஒரு சுற்று போய் வாருங்கள். அது எவ்வளவு கீழே தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் எத்தனை டிராவல் செலவாகிறது என்று தெரிந்துவிடும். டயர் என்ன போட்டிருக்கிறீர்கள், காற்று எவ்வளவு? பின்னால் பேடில் டயரோடு (மணலுக்கான, துடுப்பு மாதிரி பட்டைகள் உள்ள டயர்) கல்லில் ஓட்டுகிறீர்கள் என்றால் அதை முதலில் கழற்றுங்கள், கல் அந்தத் துடுப்புகளைப் பிய்த்துவிடும்.

பட்டறைக்காரன்:
சூடு விஷயத்தை நான் சொல்கிறேன். புதைமணலில் முதல் கியரில் ஊர்ந்து போகும்போது ரேடியேட்டருக்குக் காற்றே வராது, அப்போது ஃபேன் மட்டும்தான் காப்பாற்றும். அதனால் வண்டியை நிறுத்தி வைத்து ஐடிலில் ஓட விட்டு, ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பிக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். விளக்கு எரிந்த பிறகும் சுற்றவில்லை என்றால் வண்டியை அணைத்துவிட்டு, ஃபேன் கனெக்டரைக் கழற்றி பேட்டரியிலிருந்து நேரடியாக இரண்டு வயர் கொடுத்துப் பாருங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது, குறை ஃபியூஸ், ரிலே, கனெக்டர், சென்சர் இவற்றில் ஒன்றில் இருக்கிறது. மணலும் தண்ணீரும் பார்க்கிற வண்டியில் கனெக்டரில் பச்சை பிடிப்பது சாதாரணம்.

கூலண்டை ரிசர்வ் டப்பாவில் மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து விளிம்பு வரை இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதா ஹோஸ் தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், ஃபின் மடங்கிவிடும்.

அடுத்து அந்த வெடிச்சத்தம். சைலன்சர் இணைப்பில் எங்காவது காற்று உள்ளே போனாலும் அப்படித்தான் வெடிக்கும், அதனால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் ஊற்றி நுரை கிளம்புகிறதா என்று முதலில் பாருங்கள். கசிவு இல்லை, ஆனால் பாதி த்ராட்டிலில் தயக்கம் இருக்கிறது என்றால் பெட்ரோல் குறைவாக, லீனாக ஓடுகிறது. இந்த வண்டியின் இன்ஜெக்ஷன் சைலன்சர் மாறியதைத் தானாகத் தெரிந்துகொண்டு பெட்ரோலைக் கூட்டாது. பவர் கமாண்டர் மாதிரி பெட்ரோல் அளவை மாற்றும் ஒரு ஃப்யூல் கன்ட்ரோலர் போட்டு, டைனோவில் (நின்ற இடத்திலேயே வண்டியை ஓட்டி பவரை அளக்கும் மெஷின்) வைத்துச் சரிசெய்ய வேண்டும். லீனாக ஓடுவதும் சூட்டைக் கூட்டும், ஆக உங்கள் இரண்டு தொல்லைக்கும் ஒரே வேர் இருக்க நிறைய வாய்ப்பு.

இன்னொன்று. இன்ஜின் நிலைமை தெரிந்துகொள்ள யாராவது கம்ப்ரஷன் பார்க்கிறேன் என்று சொல்லி எண் குறைவாக இருக்கிறது என்று பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஸ்டார்ட் செய்ய எளிதாக இருக்கட்டும் என்று கேமிலேயே டிகம்ப்ரஷன் (ஸ்டார்ட் ஆகும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடும் அமைப்பு) வைத்திருக்கிறார்கள், மீட்டரில் குறைவாகத்தான் காட்டும். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

நாலு சக்கரம்:
ஏர் ஃபில்டரை யாரும் சொல்லவில்லையே. இந்த ஊர்த் தூசி மாவு மாதிரி இருக்கும். ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் இன்டேக் ரப்பருக்குள் சுத்தமான விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் நறநற என்றால் மணல் இன்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது, மற்ற வேலை எதையும் அதற்கு முன்னால் செய்யாதீர்கள். ஃபோமுக்கு ஃபில்டர் ஆயில், அது உட்காரும் விளிம்பில் கிரீஸ், மேலே ஒரு தூசி உறை. பவர் கூடும் என்று ஏர்பாக்ஸ் மூடியை எடுக்கச் சொல்வார்கள், தயவுசெய்து எடுக்காதீர்கள்.

என் கருத்து, இத்தோடு வண்டியை அகலமாக்குங்கள் ப்ரோ. ஸ்டாக்கில் 1170 மி.மீ. தான். முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு இன்ச் கூடுதலான ஏ ஆர்ம் (முன்சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை), பின்னால் நீளமான ஆக்சில். சரிவில் குறுக்கே போகும்போது வண்டி கவிழப் பார்க்கும் பயமே போய்விடும்.

வாதிவழி:
மணல்மேட்டுச் சரிவுக்கு அகலம் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இவர் போகிற வாதிகளில் இரண்டு பாறைகளுக்கு நடுவில் நுழைய வேண்டிய இடங்கள் நிறைய, அங்கே கூடுதலான ஒவ்வொரு இன்ச்சும் போய் இடிக்கும். ஏ ஆர்ம் மாற்றினால் ஷாக், பிரேக் ஹோஸ், டை ராட் எல்லாம் அதற்கேற்ற நீளத்தில் வேண்டும், இவர் பட்ஜெட் அதிலேயே முடிந்துவிடும். விலை குறைவு என்று வீல் ஸ்பேசர் போடுவதும் வேண்டாம், பேரிங்குகள் மேல் பாரம் ஏறும். இவருக்கு இப்போது அகலத்தைவிட அடிப்பக்கப் பாதுகாப்பு முக்கியம். பின் ஆக்சில் ஒரே தண்டு, அடியில் இருக்கிற இடைவெளி 11 செ.மீ.தான், அங்கேதான் ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிஸ்க்கும் தொங்குகின்றன. ஒரு கல் சரியாக மாட்டினால் மலையில் நின்றுபோகும்.

ஷார்ஜா குவாட்:
அண்ணன்மாரே, ரொம்ப நன்றி. சொன்னதையெல்லாம் செய்து பார்த்தேன்.

பின் சாக் 118 மி.மீ. ஆனால் ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கும் ப்ரீலோட் நட் ஏற்கெனவே நிறைய இறுக்கித்தான் இருக்கிறது. ஆள் ஏறாமல் வண்டி கிட்டத்தட்ட இறங்கவே இல்லை, 5 மி.மீ. இருக்கும். முன்பக்கக் கேபிள் டை கடைசி வரை போய் ரப்பரில் முட்டி நிற்கிறது. பின்னால் பேடில் இல்லை, சாதாரண 20 இன்ச் டயர், காற்று 4 பிஎஸ்ஐ.

ஃபேன் சுற்றவில்லை. பேட்டரியில் நேரடியாகக் கொடுத்தால் நன்றாகச் சுற்றுகிறது. கனெக்டரைத் திறந்தால் ஒரு பின் முழுக்கப் பச்சை, தொட்டதும் உடைந்து விழுந்தது. புதுசு போட்டாயிற்று, இப்போது சரியாக ஓடுகிறது. சோப்புத் தண்ணீரில் சைலன்சர் குழாயோடு சேரும் இணைப்பில் நுரை வந்தது, கேஸ்கெட் மாற்றியதும் வெடிப்பு பாதிக்குமேல் குறைந்துவிட்டது, தயக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஃபில்டருக்குப் பின்னால் சுத்தமாக இருந்தது.

வாதிவழி:
அருமை தம்பி, இப்போது பேச ஒரு ஆதாரம் கிடைத்துவிட்டது. ஆள் ஏறாதபோது வண்டி தன் எடையில் இரண்டு மூன்று செ.மீ.யாவது இறங்கி நிற்க வேண்டும். உங்களுடையது இறங்கவில்லை, ஆனால் நீங்கள் ஏறியதும் அளவுக்குமேல் இறங்குகிறது. ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெல்லியது என்பதற்கு இதுதான் அடையாளம், ப்ரீலோடை இன்னும் இறுக்குவதால் இது தீராது. நீங்கள் உட்கார்ந்ததுமே பின்பக்க டிராவலில் கிட்டத்தட்ட பாதி போய்விடுகிறது, கல் வந்ததும் கடைசி வரை போய் அடிக்கிறது, அந்த அடிதான் சீட்டில் உதையாக வருகிறது. உங்கள் எடை, ஹெல்மெட், பூட்ஸ் எடை, ஓட்டும் இடம் மூன்றையும் சொல்லி முன்னும் பின்னும் கடின ஸ்பிரிங் வாங்குங்கள். ஷாக்குகளை அப்படியே சர்வீஸ் செய்து புது ஆயிலும் நைட்ரஜனும் போடச் சொல்லுங்கள், செகண்ட் ஹேண்ட் வண்டியில் அது யாரும் தொடாத வேலை. பின் ஷாக்கைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்கேஜ் பேரிங்குகளையும் அன்றைக்கே கழற்றி கிரீஸ் வைத்துவிடுங்கள்.

ஸ்பிரிங் வந்த பிறகு ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஷாக் திரும்பி வரும் வேகம். திருகை முழுவதும் உள்ளே இறுக்கி எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதிக்கொண்டு, பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். ஒரே கல்லில் ஒரே தடவை தூக்கி எறிந்தால் ரீபவுண்ட் வேகம் அதிகம், இரண்டு கிளிக் உள்ளே. வரிசையாகக் கல் வரும்போது முதலில் நன்றாக இருந்து போகப்போக மோசமானால் ஷாக் திரும்பி வர நேரம் கிடைக்கவில்லை, இரண்டு கிளிக் வெளியே. ஒரே பாதை, ஒரே வேகம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். டயர் காற்றையும் கிளிக்கையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

காற்று கல்லுக்கு 4 குறைவு, டயரில் எழுதியிருக்கும் எல்லையைத் தாண்டாமல் 6 வரை போய்ப் பாருங்கள். பெட்ரோல் பங்க் மீட்டர் இந்த அளவில் சரியாகக் காட்டாது, குறைந்த அழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்று தனியாக வேண்டும். பழைய டயர் தேய்ந்ததும் ஆறு ப்ளை (கல்லைத் தாங்கும் தடித்த டயர்) போடுங்கள்.

பட்டறைக்காரன்:
ஹேண்டில்பார் பிடுங்குவதற்கு, அந்த உதறலை அடக்கும் ஸ்டியரிங் டாம்பர் வாங்கச் சொல்வார்கள். வாங்கலாம், ஆனால் அதற்கு முன்னால் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும், அப்புறம் பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பால் ஜாயிண்ட், டை ராட் முனை, வீல் பேரிங், ஸ்டியரிங் தண்டின் புஷ் எதிலாவது ஆட்டம் இருந்தால் டாம்பர் அதை மறைக்கத்தான் செய்யும். டோவும் (முன்சக்கரங்கள் உள்பக்கம் திரும்பியிருக்கும் அளவு) அளந்துகொள்ளுங்கள், முன்டயர்களின் முன்விளிம்பு பின்விளிம்பைவிடச் சில மி.மீ. நெருங்கி இருக்க வேண்டும்.

பின் ஆக்சிலின் பெரிய நட்டுகளையும் பாருங்கள், யமஹா ஸ்போர்ட் குவாட்களில் அது தளர்வது தெரிந்த தொல்லை. சுத்தம் செய்து லாக்டைட் (நட் தளராமல் பிடிக்கும் பசை) போட்டு, டார்க் ரெஞ்சில் (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கி, பெயிண்டில் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு விலகினால் பார்த்தவுடனே தெரியும்.

மெதுவாகப் போகிற கல்பாதைக்கு முன் ஸ்ப்ராக்கெட்டை 14லிருந்து 13 பல்லாக்கினால் எல்லாக் கியரிலும் வேகம் ஏழு சதவீதத்துக்குமேல் இறங்கும், கிளட்சைத் தேய்க்காமல் ஊர்ந்து போகலாம். மலிவான வேலை, பிக் போருக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்கு. செயின் தளர்வை நீங்கள் ஏறி உட்கார்ந்திருக்கும்போது பார்க்கச் சொல்லுங்கள்.

மணல்மேட்டு ரசிகன்:
இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தை. டக்கார் ராலியில் 2009 முதல் 2024 வரை குவாட் தனிப்பிரிவாக இருந்தது, 2020இலிருந்து எல்லாமே நமக்குப் பக்கத்தில் சவூதியில்தான் நடந்தது. 2020இல் இக்னாசியோ கசாலே, 2022, 2023 இரண்டு வருடமும் அலெக்ஸாந்த்ரே ஜிரூ, இவர்கள் ஜெயித்தது இதே ராப்டர் 700இல். இரண்டு வாரம் பாலைவனத்தைத் தாங்கிய குடும்பம் அது. அந்த வண்டிகளைப் படத்தில் உற்றுப் பார்த்தால் பணம் போயிருக்கும் இடம் தெரியும்: ஷாக், டாம்பர், அடித்தகடு, பெரிய டேங்க்.

ஷார்ஜா குவாட்:
பால் ஜாயிண்ட் பார்த்தேன், இடதுபக்கக் கீழ் ஜாயிண்ட் நன்றாக ஆடுகிறது. அதுதான் கையைப் பிடுங்கியிருக்கிறது போல. சரி, இந்த வரிசையில் போகலாமா: ஜாயிண்ட், ஸ்பிரிங்கும் ஷாக் சர்வீஸும், பின் ஆக்சிலைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கு அடித்தகடு (ஸ்கிட் பிளேட்), 13 பல் ஸ்ப்ராக்கெட், மிச்சம் இருந்தால் கன்ட்ரோலரும் டைனோவும்?

பட்டறைக்காரன்:
கன்ட்ரோலரை இரண்டாவதாக வையுங்கள். லீனாக ஓடும் இன்ஜினைப் புதைமணலில் தொடர்ந்து இழுக்கவிடக் கூடாது. ஸ்ப்ராக்கெட் அடுத்த மாதம் போட்டாலும் ஒன்றும் ஆகாது.

வாதிவழி:
இரண்டு பக்கமும் கால் நழுவாமல் காக்கும் வலையோடு நெர்ஃப் பார் (பக்கவாட்டுக் கம்பி) இருக்கிறதா? இல்லை என்றால் ஸ்கிட் பிளேட்டோடு சேர்த்து அதையும் வாங்குங்கள், கல்லில் கால் நழுவினால் நேராகப் பின்சக்கரத்துக்கு அடியில்தான் போகும். கீழே விழுந்தால் இன்ஜினை அணைக்கும், கையில் கட்டும் கில் ஸ்விட்ச் கயிறும் வேண்டும். டாம்பர் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

மேகம் போட்டிருந்தால் வாதிப் பக்கமே போகாதீர்கள். மழை எங்கோ மலை உச்சியில் பெய்திருக்கும், இங்கே வெயில் அடிக்கும், ஆனாலும் தண்ணீர் வந்துவிடும். வெள்ளம் ஓடும் வாதிக்குள் போனால் 2023 முதல் 2,000 திர்ஹம் அபராதம், 23 கரும்புள்ளி, வண்டி 60 நாள் பறிமுதல். ஸ்பிரிங் போட்டதும் சாக் அளவை இங்கே எழுதுங்கள், ரீபவுண்டை எத்தனை கிளிக்கில் ஆரம்பிப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.