சில்வர் அரோவனா வளர்ப்பு: தொட்டி அகலம், மூடி, தண்ணீர், தீனி

சில்வர் அரோவனா குஞ்சின் அளவைப் பார்த்துத் தொட்டியை முடிவு செய்யாதீர்கள். வயிற்றில் மஞ்சள்கருப் பையோடு விற்கும் இரண்டு மூன்று அங்குலக் குஞ்சு, நன்றாகத் தின்றால் முதல் ஆண்டிலேயே ஒரு அடியைத் தாண்டும். தொட்டியில் இரண்டு, இரண்டரை அடி வரை வரும்; அமேசானில் மூன்றடி. இது மேல்மட்டத்தில் நீந்தும் மீன். அதனால் உயரத்தைவிட அகலம்தான் முக்கியம். இரண்டடி அகலத் தொட்டியில் பெரிய மீன் திரும்பும்போதெல்லாம் மூக்கும் மீசையும் கண்ணாடியில் உரசும். 8 × 3 × 2.5 அடி இருந்தால் நிம்மதி. அது 1,700 லிட்டர். கண்ணாடி, ஸ்டாண்டு சேர்த்து இரண்டு டன்னைத் தாண்டும். தரைத்தளம் இல்லையென்றால் கட்டடப் பொறியாளரிடம் கேட்காமல் வைக்க வேண்டாம்.

*

அகலத்துக்கு அடுத்து மூடி. வெள்ளம் புகுந்த காட்டில் கிளையில் இருக்கும் பூச்சியை எம்பிப் பிடிக்கும் மீன் இது. பிரேசிலில் 'தண்ணீர்க் குரங்கு' என்றே பெயர். மூடிக்கு மேல் பல்லி ஓடினாலும் பாயும். கனமான கண்ணாடி போட்டு, நான்கு மூலையிலும் கிளிப் மாட்டுங்கள். மீன் வெளியே வருவது பெரும்பாலும் ஃபில்டர் குழாய்க்கு வெட்டிய இடைவெளி வழியாகத்தான். அதை வலையால் அடையுங்கள். தண்ணீரை விளிம்புக்கு அரையடி கீழே நிறுத்துங்கள். மூடியில் மோதினாலும் வேகம் குறையும். தரையில் விழுந்துவிட்டால் ஈரத்துண்டால் உடம்பு முழுவதையும் தாங்கித் தூக்கி, தொட்டிக்குள் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழ் விடும் கல்) பக்கத்தில் விடுங்கள். காய்ந்த கையால் பிடித்தால் வழவழப்புப் படலம் உரிந்து, அந்த இடத்தில் பூஞ்சை ஏறும்.

*

அடுத்தது தண்ணீர். செவுள் மூடி வெளிப்பக்கமாகச் சுருளத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டியது இடநெருக்கடியும் கெட்ட தண்ணீரும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் 40 பிபிஎம்முக்குள் (பிபிஎம் என்றால் லிட்டருக்கு மில்லிகிராம்). வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால், ஒரு பிபிஎம் குளோரினுக்கு லிட்டருக்கு 7 மில்லிகிராம் சோடியம் தயோசல்பேட் (குளோரினை நீக்கும் உப்பு) என்று கணக்கு வையுங்கள். ஒரு பிபிஎம் என்றால் 400 லிட்டருக்கு ஏறக்குறைய 3 கிராம். புதுத் தொட்டியில் அமோனியாவைச் சிதைக்கும் ஃபில்டர் பாக்டீரியா நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் மீனை விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஃபில்டருக்குச் சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் தனி வடிகட்டித் தொட்டி) நல்லது. கண்ணாடி ஹீட்டரைத் தொட்டிக்குள் வைத்தால் வால் அடித்து உடைக்கும்; அதையும் சம்புக்குள் போடுங்கள். சென்னை மாதிரி ஊரில் பெரும்பாலும் ஹீட்டரே தேவைப்படாது.

*

தீனி: உயிர்மீன் பழக்கத்தை ஆரம்பத்திலேயே நிறுத்துங்கள். கோல்டுஃபிஷ்ஷில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் தயாமினேஸ் இருக்கிறது. கூடவே ஒட்டுண்ணியும் வரும். மாட்டு இதயம், கோழி ஈரல் வேண்டாம், கொழுப்பு ஈரலில் சேரும். இறாலைத் தலைக்கொம்பைக் கிள்ளிவிட்டுக் கொடுங்கள். பெல்லட்டுக்கு (உருண்டையாக வரும் உலர் தீனி) மாற்ற, நன்றாக வளர்ந்த மீனை இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டு, இறால் துண்டுகளுக்கு நடுவே மிதக்கும் பெல்லட்டைப் போடுங்கள். குஞ்சைப் பட்டினி போடாதீர்கள். மிதக்கும் தீனிக்கு இன்னொரு காரணம், கண் கீழ்நோக்கி இறங்கும் கோளாறைத் தவிர்ப்பது. கொழுப்புத் தீனி, தரையையே பார்த்து இரை தேடுவது என்று இரண்டையும் காரணமாகச் சொல்வார்கள். இறங்கிய கண் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

*

தொட்டி சுத்தம் செய்யும் என்று சக்கர் மீனை விடாதீர்கள். ராத்திரியில் அரோவனாவின் விலாவில் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும், செதிலும் போகும். வாய்க்குள் அடங்கும் எதுவும் துணையாகாது.

விளக்கை அணைக்கும் முறையும் மூடியைப் போலவே முக்கியம். சட்டென்று இருட்டினால் மிரண்டு பாயும். தொட்டி விளக்கை அணைத்த பிறகு கால் மணி நேரமாவது அறை விளக்கு எரியட்டும். மின்வெட்டு உள்ள ஊரில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று எப்போதும் சார்ஜோடு இருக்க வேண்டும்.