டிரங்குப் பெட்டியோடு கதையையும் அனுப்புங்கள்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு, பினாங்கிலிருந்து வணக்கம்.

டொராண்டோ மாமா போன வாரம் கேட்டிருந்தார்: "அப்பா ரஜூலா கப்பலில் கொண்டுவந்த டிரங்குப் பெட்டி இங்கே சும்மா கிடக்கிறது. பினாங்கில் ஏதாவது அருங்காட்சியகம் அதை எடுத்துக்கொள்ளுமா?" சிட்னி அக்கா ஒரு பேரேட்டைப் பற்றியும், மதுரைச் சித்தப்பா பழைய புகைப்படங்களைப் பற்றியும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வரி பதில் எழுதி முடிக்கிற விஷயமில்லை இது. எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேட்டால் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் தயவுசெய்து வெறும் பெட்டியை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

மலேசியாவில் நம்மவர்களைப் பற்றிய காட்சிப் பகுதிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஒரு பித்தளைக் குத்துவிளக்கு, பட்டுச்சேலை கட்டிய பொம்மை, ஓர் உறுமி, தைப்பூசக் காவடியின் பெரிய வண்ணப்படம். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. அந்த விளக்கு யாருடையது, எந்தக் கப்பலில் வந்தது, எந்த வீட்டில் எரிந்தது என்று ஒரு வரிகூட இருக்காது. பக்கத்து அறைக்குப் போனால் ஆளுநர்களுக்கும் வணிகப் பிரபுக்களுக்கும் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு எல்லாம் இருக்கும். நம் தாத்தா பாட்டிகள் மட்டும் 'தொழிலாளர்கள்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய மனக்குறை.

பினாங்கில் நம்மவர்களின் வரலாறு ஒன்றும் சின்னதல்ல. ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் இங்கே கொடி நாட்டியது 1786-இல். 1801-இல் இந்திய முஸ்லிம்களின் தலைவர் காதர் மொகிதீன் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சூலியா தெருவில் நாகூர் தர்கா, பினாங்குத் தெருவில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகள், தண்ணீர்மலையில் முருகன் கோயில், ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் சலவைத் தொழிலாளர்களின் டோபி காட். அக்கரையில் செபராங் பிறையில், ரப்பர் வருவதற்கு வெகுகாலம் முன்பே, கரும்புத் தோட்டங்களில் தமிழர்கள் வேலை செய்தார்கள். கட்டடங்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லிக்கொள்ளும். தமிழ்நாட்டில் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடியேற்ற முகாம்களில் காத்திருந்து கப்பலேறியவர்களின் கதைக்கு நம் வீட்டுப் பரணை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இங்குள்ள ஒரு சிறிய வரலாற்றுக் கூடத்தில் நான் பார்த்த நிகழ்ச்சி. பழைய தொழில்களைச் செய்தவர்களையே அழைத்துச் செய்துகாட்டச் சொல்லும் நாள் அது. செபராங் பிறைத் தோட்டம் ஒன்றில் இளவயது முதல் பால்மரம் சீவிய ஒரு பாட்டி வந்திருந்தார். மேடையில் பேசச் சொன்னதற்கு மறுத்துவிட்டார். மடியிலிருந்த துணியைப் பிரித்துக் கத்தியை எடுத்தார். பிடி தேய்ந்து, அவருடைய விரல்கள் பதியும் இடங்களில் மட்டும் பள்ளம் விழுந்திருந்தது. நிறுத்திவைத்திருந்த ரப்பர் மரத்துண்டின் முன்னால் நின்று, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரியும் கோட்டில் ஒரே இழுப்பாகக் கத்தியை ஓட்டினார். பட்டை நூல் கனத்தில் சுருண்டு விழுந்தது. "இதற்கு மேல் ஆழம் போனால் மரத்துக்குப் புண். ஆறினாலும் முண்டு முண்டாகப் புடைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் பிறகு கத்தி ஓடாது. கங்காணி வந்து பார்த்தால் திட்டு விழும்" என்றார்.

பிறகு யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனார். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுப்பது, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடுவது, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் அதற்கு முன்பே சீவி முடிப்பது, திரும்பி வந்து மரத்தில் கட்டிய மங்கு என்னும் கிண்ணங்களிலிருந்து பாலை வாளியில் ஊற்றிச் சுமந்துபோய் நிறுவைக்குக் கொடுப்பது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்த ஒரு சீனச் சிறுவன் மலாயில் கேட்டான்: "மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?" பாட்டியும் மலாயிலேயே பதில் சொன்னார்: மரம் நனைந்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சம்பளம் இல்லை.

கூடத்துப் பணியாளர்கள் அவ்வளவையும் ஒலிப்பதிவு செய்தார்கள். அதே கூடத்தில் முன்பு 'ரப்பர் கத்தி' என்று மட்டும் எழுதி ஒரு கத்தி இருந்தது. அதன் இடத்தில் இப்போது பாட்டி இரவலாகக் கொடுத்த கத்தி இருக்கிறது. கீழே அவர் பெயர், தோட்டத்தின் பெயர், வேலை செய்த காலம், மழையைப் பற்றி அவர் சொன்ன பதில். முன்பு யாரும் திரும்பிப் பார்க்காத காட்சிப்பெட்டி அது. இப்போது குழந்தைகள் அதன் முன்னால் நின்று படித்துவிட்டுத்தான் நகர்கிறார்கள். நமக்கும் வேண்டியது இதுதான்.

ஆகவே மாமா, பெட்டியை அனுப்புவதற்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுங்கள். தாத்தா எந்த ஆண்டு, எங்கே கப்பலேறினார்? ரஜூலா 1926-இல் கட்டப்பட்டது. 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. 'ரஜூலாவில் வந்தார்' என்று மட்டும் சொன்னால் அதற்குள் ஒரு தலைமுறைக்கும் மேல் அடங்கிவிடும். முதல் முறை வந்தபோதா, ஊருக்குப் போய்த் திரும்பியபோதா? உள்ளே என்னென்ன இருந்தன? பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். அதுதான் முதல் ஆதாரம். அத்தைக்கு நினைவிருப்பதைத் தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். இப்போதே செய்துவிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று தள்ளவேண்டாம்.

சிட்னி அக்காவின் பேரேடு எனக்கு இன்னும் ஆசையாக இருக்கிறது. படத்தில் பார்த்தேன்: தலைப்பில் பிள்ளையார் சுழி, கீழே தமிழ் எண்களில் வரவும் பற்றும். 'பிரபவ வருடம் சித்திரை' என்று போட்டிருக்கிறது. பிரபவ அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும். ஆகவே அது 1927-ஆகவும் இருக்கலாம், 1867-ஆகவும் இருக்கலாம். ரப்பர் விலை, ரயில் கட்டணம், தெரிந்த கடைப்பெயர் என்று ஏதேனும் ஒன்று உள்ளே இருந்தால் காலத்தைப் பிடித்துவிடலாம். தமிழ் எண்களையும் மா, காணி என்ற பழைய பின்னக் கணக்கையும் தடுமாறாமல் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம் சங்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினால் அவர்களை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லலாம்.

பாதுகாக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். காகிதத்துக்கு லேமினேஷன் வேண்டாம், ஒட்டும் டேப்பும் வேண்டாம். புகைப்படத்தின் பின்னால் பெயர் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேரேட்டில் இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள். பினாங்கின் ஈரக்காற்றில் அது ஒன்று போதும், பக்கத்தில் இருப்பதெல்லாம் போய்விடும். கொடுக்கும்போது நன்கொடையா இரவலா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரவல்தான் நல்லது என்பது என் எண்ணம்.

மதுரைச் சித்தப்பாவுக்கு ஒரு முக்கியச் செய்தி. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. நூறு ஆண்டு கடந்த பொருள்களும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளும் அதற்குள் வரும். அவற்றை நாமாக வெளிநாட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. ஊர் வீட்டிலிருக்கும் பழைய ஏடுகளும் கணக்குகளும் அங்கேயே இருக்கட்டும். நல்ல ஸ்கேன் எடுத்து அனுப்புங்கள், அது போதும்.

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபார்க்குவார் தெருவில் மாநில அருங்காட்சியகத்துக்கு உரிய கட்டடம் பழைய பினாங்கு ஃபிரீ ஸ்கூல். 1896-இல் ஒரு பாதியும் 1906-இல் மறு பாதியும் கட்டினார்கள்; போர்க்காலக் குண்டுவீச்சில் ஒரு பாதி போய்விட்டது. மிஞ்சியதில் 1965-இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். கேப்டன் ராபர்ட் ஸ்மித் வரைந்த பழைய பினாங்கு ஓவியங்கள் அதன் சொத்து. அங்கே நிரந்தரமாக இடம் கிடைப்பது பின்னால் பேசவேண்டிய பேச்சு. முதலில் சிறிய கூடம் ஒன்றில் ஒரு வாரக் கண்காட்சி நடத்திக் காட்டுவோம்.

அதற்கு ஜூலை முதல் வாரம் பொருத்தமாகத் தெரிகிறது. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 2008 ஜூலை 7. அந்த நாள் பினாங்கில் பொது விடுமுறை. அந்தச் சமயத்தில் தெருக்களிலேயே மரபு நிகழ்ச்சிகள் நடக்கும், கூட்டமும் இருக்கும். ஊருக்கோ உறவினரைப் பார்க்கவோ வர நினைப்பவர்கள் பயணத்தை அப்படி அமைத்துக்கொண்டால், பொருளுக்குப் பக்கத்தில் அந்தக் குடும்பத்தார் ஒருவர் நின்று பேசலாம். பாட்டி கத்தியைப் பிடித்து நின்ற அன்று கண்டேன், அட்டையில் எழுதுவதைவிட ஆள் நின்று சொல்வதற்கு எவ்வளவு வலு என்று.

மே 18 உலக அருங்காட்சியக நாள். அதற்குள் பொருளின் படம், நீள அகலம், ஒரு பக்கக் கதை மூன்றும் என்னிடம் வந்து சேர்ந்தால், பட்டியலை எடுத்துக்கொண்டு கூடத்தாரிடம் பேசப் போவேன். பொருள் இல்லாதவர்கள் கதையை மட்டும் அனுப்பலாம். கோலாலம்பூரில் இருப்பவர்களில் மலாய் மொழிபெயர்ப்புக்கு இரண்டு பேர் வேண்டும். தம்பிமார்கள், தங்கைமார்கள் யாராவது முன்வாருங்கள். மாமா, பெட்டியின் பூட்டு இன்னும் திறக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.