மறு: எக்ஸ்ட்ரூட் – பிதுக்கமா, புடைப்பா, பிழிவா?

குழுவினருக்கு வணக்கம்.

முப்பரிமாண மென்பொருளில் வரும் 'எக்ஸ்ட்ரூட்' என்ற கட்டளைக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாக ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். நேற்று ஐயா 'பிதுக்கம்' என்று தீர்ப்பு எழுதிவிட்டதும் கை சும்மா இருக்கவில்லை. நான் டைட்டில் கார்டு செய்து பிழைப்பவன். இலக்கணம் கேட்டால் முழிப்பேன். ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தக் கட்டளையைக் கொடுக்கிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அது என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இழையில் பாதிப் பேர் வேறெதையோ மனதில் வைத்துக்கொண்டு சொல் தேடுகிறார்கள். தட்டையாக ஓர் எழுத்து இருக்கிறது; 'ழ' என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் வெளிக்கோட்டைப் பிடித்துப் பின்பக்கமாக ஒரே சீராகத் தள்ளுகிறோம். கோடு போன வழியெல்லாம் சுவர் எழும்புகிறது. முன்னால் ஒரு ழ, பின்னால் ஒரு ழ, நடுவில் சுவர். இந்தக் கட்டியை எந்த இடத்தில் குறுக்கே அறுத்தாலும் அதே ழ தான் கிடைக்கும். இந்தக் குணத்தைச் சொல்லாத எந்தச் சொல்லும் இங்கே ஒட்டாது.

> பிதுக்கம் என்பதில் என்ன குறை? கேட்டதும் புரிகிறதே.

ஐயா, கூட்ட பஸ்ஸில் ஆள் பிதுங்குகிறார். இறுக்கின பெல்ட்டுக்கு மேலே தொப்பை பிதுங்குகிறது. பரீட்சை ஹாலில் விழி பிதுங்குகிறது. இடம் போதாமல் கண்டபடி வெளியே வருவதுதான் பிதுங்கல், அதற்கு உருவக் கட்டுப்பாடு கிடையாது. நகைக்கடைக்காரரிடம் போய் "அண்ணாச்சி, உங்க கடைப் பேரை நல்லா பிதுக்கிட்டேன்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பாக்கிப் பணம் வராது.

> புடைப்புச் சிற்பம் என்று சொல்கிறோம். அதே வழியில் 'புடைப்பெழுத்து' எனலாம்.

நல்ல சொல். ஆனால் இந்த வேலைக்கு அல்ல. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் யானைகள் பாறையைவிட்டுப் பிரிந்து வருவதில்லை. முதுகுப்பக்கம் பாறையோடு ஒட்டியே இருக்கிறது. புடைப்பும் ஒரே அளவில் இல்லை, யானை வயிறு ஒரு மாதிரி, சுற்றியிருக்கும் உருவங்கள் வேறு மாதிரி. கல்யாணப் பத்திரிகையில் விரல் வைத்தால் தட்டுப்படும் எழுத்து, நாணயத்தின் எழுத்து, இவைதான் புடைப்பு. எம்பாஸ் என்பதற்கு அதை எடுத்துப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு அதற்கும் ஓர் இழை வரும்.

இப்போது என் கட்சி. யாழ்ப்பாணத்து அக்கா இடியப்ப உரலைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டுப் போனார், யாரும் அதைத் தொடவில்லை. எனக்கு அந்த ஒரு வரி போதும். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முந்தின நாள் அம்மா மாவு பிசைந்து கொடுப்பார், குழலை அழுத்துவது என் வேலை. நட்சத்திர ஓட்டை போட்ட தட்டை மாட்டினால் முள்ளுமுறுக்கு. வட்ட ஓட்டை என்றால் தேன்குழல். நீளக் கீறல் என்றால் ரிப்பன் பக்கோடா. உள்ளே போகும் மாவு ஏறக்குறைய ஒன்றுதான், வெளியே வருவதைத் தட்டுதான் முடிவு செய்கிறது. முள்ளுமுறுக்கை எங்கே உடைத்தாலும் உடைந்த முகத்தில் அதே நட்சத்திரம். மேலே ழ வைப் பற்றி நான் சொன்னதும் இதுதானே? இந்தச் செயலுக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது, பிழிதல். அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நாம் புதுச்சொல் செய்துகொண்டிருக்கிறோம்.

சமையற்கட்டோடு நிற்கவும் இல்லை. ஜன்னலுக்குப் போடும் அலுமினியச் சட்டம் இப்படித்தான் வருகிறது: சூடேற்றிய அலுமினியக் கட்டியை ஓட்டை வழியாக அழுத்தித் தள்ளுகிறார்கள். பிவிசி குழாயும் மக்ரோனியும் அப்படியே. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிளாஸ்டிக் இழையை உருக்கி மூக்கு வழியாகத் தள்ளும் பகுதிக்கு எக்ஸ்ட்ரூடர் என்றே பெயர். ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ஒரே வினை. பிழி என்று வைத்தால் நமக்கும் ஒரே வினை ஆகிவிடும். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு முகத்தைத் தேர்ந்து 'ஈ' விசையைத் தட்டி வெளியே இழுக்கிறோமே, அதையும் இதிலேயே அடக்கலாம்.

> பிழி என்றால் சாறுதான் ஞாபகம் வருகிறது. ஈரத்துணி வேறு.

எலுமிச்சையைப் பிழி என்றால் சாறு, வேட்டியைப் பிழி என்றால் தண்ணீர், முறுக்கு பிழி என்றால் முறுக்கு. இதுவரை யாரும் குழம்பி முறுக்கிலிருந்து சாறு எதிர்பார்த்ததில்லை. ஆனால் பெயர்ச்சொல்லில் சிக்கல் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். 'கட்டுரையின் பிழிவு' என்றால் சாரம் என்று ஆகிவிட்டது. ஆகவே கட்டளைக்கு வெறும் 'பிழி' போதும். எவ்வளவு பிழிவது என்ற அளவுக்கு ஆங்கிலத்தில் டெப்த் என்கிறார்கள் என்பதற்காக ஆழம் என்று போட வேண்டாம். கிணற்றுக்குத்தான் ஆழம். போர்டு எழுத்து செய்யும் கடையில் "எழுத்து எத்தனை இஞ்ச் கனம்?" என்று கேட்பார்கள். கனம் என்றே வைப்போம்.

அடுத்து பெவல், அதாவது விளிம்பைச் சீவும் கட்டளை. பிழிந்த எழுத்தின் விளிம்பு கத்திபோல் இருக்கும், வெளிச்சம் அதில் நிற்காது. விளிம்பைச் சாய்வாகச் சீவினால் அங்கே ஒளிக்கீற்று ஒன்று ஓடும். டைட்டிலில் தங்க எழுத்து பளபளப்பது பெரும்பாலும் இந்தச் சீவலால்தான். 'சாய்வெட்டு' என்று ஒருவர் எழுதியிருந்தார், பரவாயில்லை. ஆனால் நம் தச்சர்களுக்கும் சிற்பிகளுக்கும் 'பட்டை' இருக்கிறதே. சதுரத் தூணின் நான்கு விளிம்பையும் சீவினால் எட்டுப்பட்டைத் தூண். மகேந்திரவர்மன் காலக் குடைவரைத் தூண்களைப் பாருங்கள், மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. அதைவிடச் சுத்தமான பெவல் எந்த மென்பொருளிலும் இல்லை. பிளெண்டரில் பெவலின் ரெசல்யூஷனை, அதாவது சீவலை எவ்வளவு நுணுக்கமாக்குவது என்ற எண்ணை, 0 வைத்தால் இந்தத் தட்டைச் சீவல் வரும். எண்ணைக் கூட்டினால் விளிம்பு உருண்டுவிடும். முதலாவது பட்டை, இரண்டாவது மழுக்கல்.

இங்கே தமிழ் எழுத்துக்கென்றே ஒரு தொல்லை. பெவல் கொடுத்தால் எழுத்து வெளிப்பக்கம் பருக்கும், ஓட்டைகள் உள்ளே சுருங்கும். ஆங்கில 'ஓ'வில் ஓட்டை பெரிது, தாங்கும். நம் 'ண'வில் தாங்காது. 0.02 பெவல் கொடுத்தேன், சுழியெல்லாம் அடைத்துக்கொண்டு எழுத்து கொழுக்கட்டை மாதிரி நின்றது. வெளிக்கோட்டை உள்ளே வெளியே நகர்த்தும் ஆஃப்செட் அளவை −0.02 ஆக்கின பிறகுதான் ஓட்டை திறந்தது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளில் இந்த ஓட்டைகளின் விளிம்புக்கென்று 'ஹோல் பெவல் டெப்த்' என்று தனி அளவே உண்டு. துளை, துவாரம் என்றெல்லாம் இழையில் வந்துவிட்டது. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டு இங்கே வந்து ஏன் துவாரம்? 'சுழிப்பட்டை' என்று எழுதுங்கள். எந்த விளிம்பு என்று எழுத்து தெரிந்த எவருக்கும் புரியும்.

எந்த நேரத்தில் எழுத்து எங்கே இருக்க வேண்டும் என்று குறிக்கும் கீஃபிரேமை விட்டுவிடுவோம். எடிட் அறையில் "கீ போடு" என்றால் எல்லோரும் போடுகிறார்கள், யாருக்கும் வலிக்கவில்லை.

> பெர்-கேரக்டர் = எழுத்துவாரி. இதில் விவாதமே இல்லை.

இருக்கிறது தம்பி. பெர்-கேரக்டர் என்றால் ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக அசைப்பது. ஒரு வருடம் உள்ளூர் கேபிள் சானல் ஒன்றுக்குப் 'பொங்கல் நல்வாழ்த்துகள்' என்று ஒவ்வோர் எழுத்தாகத் தூரத்திலிருந்து சுழன்று வந்து உட்காரும்படி செய்தேன். யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு. அதில் 'பொ' என்பது ஓர் எழுத்தே கிடையாது; ஒற்றைக்கொம்பு, ப, துணைக்கால் என்று மூன்று துண்டு. மென்பொருளுக்கு மூன்றும் தனித்தனி கேரக்டர். முதலில் கொம்பு மட்டும் திரையில் பறந்து வந்தது. சானல்காரர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கொம்பு மட்டும் வருது? இது மாட்டுப் பொங்கலுக்கா?" என்றார். அன்று ராத்திரி உட்கார்ந்து பன்னிரண்டு எழுத்தையும் பன்னிரண்டு லேயராகக் கையால் பிரித்தேன்.

யூனிகோடிலும் இந்தத் தொல்லை முழுக்கப் போகவில்லை. ப ஒரு குறியெண், ொ இன்னொரு குறியெண். இரண்டையும் சேர்த்து ஓர் உயிர்மெய்யாகப் பார்க்க மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, கோடுகளாக மாற்றி, எஸ்விஜி என்ற கோட்டுப்படக் கோப்பாக பிளெண்டருக்குள் கொண்டுவருவது என் வழக்கம். கடுகு அளவில் வந்து விழும், தேடிப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே, உயிர்மெய் உடையாமல் நகர்ந்தால்தான் 'எழுத்துவாரி'. கொம்பும் காலும் தனித்தனியே பறந்தால் அது 'வடிவவாரி'. மொழிபெயர்ப்புக் கோப்பில் அந்த வரியை இறுதி செய்யும் முன், மென்பொருள் இரண்டில் எதைச் செய்கிறது என்று 'பொ' ஒன்றைத் தட்டிச் சோதித்துவிடு.

ஓரிடத்தில் நானே மாட்டிக்கொண்டேன். பிழி என்று வந்தபின், பிழியப்படும் அந்த வெளிக்கோட்டு வடிவத்துக்கு 'அச்சு' என்று வைக்க ஆசைப்பட்டேன். முறுக்கு அச்சு, என்ன பொருத்தம்! ஆனால் முப்பரிமாணத்தில் எக்ஸ் அச்சு, ஒய் அச்சு, இசட் அச்சு என்று மூன்று அச்சு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. 'இசட் அச்சில் அச்சைப் பிழி' என்று எழுதினால் பயனர் கணினியை அணைத்துவிட்டுப் போய்விடுவார். இப்போதைக்கு 'வெட்டுமுகம்' என்று குறித்து வைத்திருக்கிறேன், நாக்கில் ஒட்டவில்லை.

அக்கா, உங்கள் ஊரில் இடியப்ப உரலுக்கு அடியில் இருக்கும் அந்த ஓட்டைத் தட்டுக்குத் தனியாக ஏதும் பெயர் உண்டா? உங்கள் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள்.